கால் நனைக்காமல் உள்ளே வராதே

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னைப் பார்க்க வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அவ்வளவு சுத்தபத்தமா இருந்தீங்களே, உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?" கேட்கும்போது குரலில் வருத்தம் கால்வாசி, சந்தோஷம் முக்கால்வாசி. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல எனக்கு மூச்சு பத்தவில்லை. நிஜமாகவே பத்தவில்லை, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இரைக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் இதைக் கொடுத்துவிடும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன். படித்த பிறகும் சந்தேகம் வந்தால் அது உங்கள் கோளாறு.

நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. முட்டைக் கோழி. பெரிய ஷெட் இரண்டு, குஞ்சுகளை வளர்க்கத் தனியாகத் தள்ளி ஒரு சின்ன ஷெட். கொரோனா வந்த பிறகுதான் ஊருக்குக் கை கழுவத் தெரிந்தது. எங்களுக்கு அது பிழைப்பு. வாசலில் கிருமிநாசினி ஊற்றிய தொட்டி இருக்கும். மந்திரியே வந்தாலும் அதில் காலை நனைக்காமல் உள்ளே விடமாட்டேன். முட்டை லாரி வந்தால் டயருக்கு மருந்து அடித்த பிறகுதான் கேட்டைத் திறப்பேன். வெளியே போன கோழி திரும்பி ஷெட்டுக்குள் வரக் கூடாது. விற்கக் கொண்டுபோய் விற்காமல் வந்தாலும் சரி, தப்பித்து ஓடிப் பிடித்து வந்தாலும் சரி, அது வேறு கோழி. ஒன்று தலையைத் தொங்கப் போட்டால் பொழுது விடிவதற்குள் ஒரு வரிசையே தொங்கப் போடும். குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு மருந்து, குடிக்கிற தண்ணீரில் மருந்து, பிறகு ஊசி. ஒன்றையும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போட்டதில்லை.

இரண்டாவது அலை வந்தபோது வீட்டில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று உட்கார்ந்து யோசித்தேன். வீட்டில் இருப்பதே நானும் என் வீட்டுக்காரர் குப்புசாமியும்தான். மகள் கவிதா திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். வீட்டுக்காரர் இளவயதில் லாரி ஓட்டியவர். வடநாட்டுக்குப் போய்வந்த காலத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த நேரத்தைவிட பீடியைப் பிடித்த நேரம் அதிகம். இப்போது மாடிப்படி ஏறினால் பழைய ஹார்மோனியம் மாதிரி சத்தம் வரும். இந்த நோய் அவருக்கு வந்தால் தாங்காது என்று எங்கள் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே அவரைத் தூக்கிக் குஞ்சு ஷெட்டில் போட்டேன்.

சிரிக்க வேண்டாம். பழைய குஞ்சுகள் பெரிய ஷெட்டுக்குப் போய், ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மருந்து அடித்து, அடுத்த குஞ்சு வரும்வரை காலியாக வைத்திருந்த சமயம். எங்கள் வீட்டைவிடச் சுத்தம். சுற்றிலும் கம்பி வலை, நல்ல காற்று. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு டிவி, ஒரு கூஜா. வாசலில் கால் நனைக்கும் தொட்டி. சாப்பாட்டை வலைக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு நான் தள்ளிப் போய்விடுவேன், அவர் வந்து எடுத்துக்கொள்வார். கஷ்டப்படுகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு நாள் அவர் போனில் யாரிடமோ, "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இப்படி நிம்மதியா நான் இருந்ததே இல்லீங்க" என்று சொல்வதைக் கேட்ட பிறகு சங்கடம் போய்விட்டது.

தடுப்பூசிக்கும் அவரைத்தான் முதலில் அனுப்பினேன். நான் போகவில்லை. போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும் என்று வேலைக்கு வருகிற பெண்கள் சொன்னார்கள். நான் படுத்துவிட்டால் முட்டையை யார் பொறுக்குவது, தீவனம் யார் போடுவது? பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். எனக்குச் சர்க்கரை உண்டு. ஆனால் அதை நான் ஒரு நோயாக எப்போதும் மதித்ததில்லை. அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு இருந்தேன்.

அப்போதுதான் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் செத்துப்போனார். வயதாகித்தான் செத்தார், கொரோனா இல்லை என்று சொன்னார்கள். யாராவது ஒருவர் போயே ஆக வேண்டும். அவரை அனுப்ப முடியாது, நான் போனேன். போகும்போது என்ன பாதுகாப்பு என்று கேட்டால் ஆஸ்பத்திரிக்காரர்களே தோற்றுப்போவார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். பையில் சானிடைசர். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நாற்காலியில்கூட உட்காரவில்லை. எல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கத்து எழவில் பெண்களுக்கு ஒரு முறை இருக்கிறது. வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, தலையோடு தலை முட்டி அழ வேண்டும். நான் ஓரமாக நின்றேன். செத்தவரின் கொழுந்தியாள் தலையை நிமிர்த்திப் பார்த்து, அழுகையை நிறுத்தாமலே, "அங்க பாருங்க, சரசக்கா ஓட்டுக் கேக்க வந்தவளாட்டம் நிக்கறா" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் நாலு பக்கமும் கை. அழ ஆரம்பித்தால் இரண்டு மாஸ்க்கும் நனைந்து மூக்கில் ஒட்டி மூச்சு முட்டுகிறது. அதோடு, மூஞ்சியை மூடிக்கொண்டு அழுதால் அழுவது யார் என்று எப்படித் தெரியும்? தெரியாத அழுகை கணக்கில் வராது. நாளைக்கு நம் வீட்டில் ஒன்று நடந்தால் எவளும் வந்து உட்காரமாட்டாள். மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முறையாக அழுதேன். நல்ல அழுகை, பலரும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எழவுக்குப் போனால் குளிப்பதுபோலத் தலைக்குக் குளித்தேன். அதிலும் ஷெட்டுக்கு அடிக்கிற மருந்தில் கொஞ்சம் கலந்து குளித்தேன். தோலெல்லாம் எரிந்தது. எரிந்தால் கிருமி செத்திருக்கும் என்று நினைத்தேன். மூக்குக்குள்ளே போனதைத் தோலில் தேய்த்துச் சாகடிக்க முடியாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொன்னவரைத் திட்டியிருப்பேன், அது வேறு.

டீ எடுத்துக்கொண்டு குஞ்சு ஷெட்டுக்குப் போனேன். துக்க வீட்டுச் செய்தியைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்று எண்ணம்.

"அங்கயே நில்லு" என்றார் வலைக்கு உள்ளேயிருந்து.

"குளிச்சிட்டுத்தானுங்க வாரேன்."

"அழுதியா?"

"அழாம வருவாங்களா? உங்க பெரியப்பன் மவன்."

"மாஸ்க் போட்டுட்டே அழுதியா?"

டீ டம்ளரை நீட்டினேன். அவர் எழுந்து வந்து கதவின் தாழ்ப்பாளைப் போட்டார். "சந்தைக்குப் போயிட்டு வந்த கோழியத் திரும்ப ஷெட்டுக்குள்ள உடுவியா சரசு? நீதான சொல்லுவே."

என் பண்ணை, என் ஷெட், என் தாழ்ப்பாள், என் சட்டம், என்னையே கோழி என்கிறார். டீயைக் கால் நனைக்கும் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன். மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பன் என்னையக் கோழிங்கறாரு" என்றேன். அவள், "அம்மா, அவர் சொல்றது சரிதானே" என்றாள். அவளையும் திட்டிவிட்டு வைத்தேன்.

மூன்று நாள் ஆகியும் கோபம் ஆறவில்லை. நாலாம் நாள் மத்தியானம் பொறுக்க முடியவில்லை. தீவன மூட்டை இறக்கும் பக்கம் இன்னொரு கதவு இருக்கிறது, அதில் தாழ்ப்பாள் இல்லை. அது வழியாக விறுவிறுவென்று உள்ளே போனேன். வெயிலுக்காக வலையைச் சுற்றிச் சாக்குப் படுதா இறக்கியிருந்தார், வெயிலிலிருந்து உள்ளே போனதால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் போர்வை. நான் கத்த ஆரம்பித்தால் இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிடுவது அவர் வழக்கம். அந்தப் போர்வைக்கு நேராக நின்று, மாஸ்க் இல்லாமல், கல்யாணச் சீரில் தொடங்கி தாழ்ப்பாள்வரை எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். தொண்டை வறண்ட பிறகுதான் வெளியே வந்தேன். போர்வை அசையவே இல்லை. அதுவும் வழக்கம்தான்.

அன்று சாயங்காலம் எனக்கு உடம்பு காய்ந்தது.

முதல் இரண்டு நாள் வெயில் என்றேன். பிறகு மருந்துக் குளியலால் வந்த சூடு என்றேன். கருவாட்டுக் குழம்பு வாசனை தெரியாமல் போனபோது மிளகாய்த்தூள் கடைக்காரனைத் திட்டினேன். மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுக்கிற பரிசோதனை செய்தார்கள். குச்சி மூளைவரை போய்வந்த மாதிரி இருந்தது. நோய் இருக்கிறது என்று வந்தது. கவிதா காரை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு மாஸ்க்கோடு, எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டு, என்னைப் பின் சீட்டில் ஏற்றினாள். நாமக்கல்லில் படுக்கை இல்லை. சேலம் போய் அலைந்து, அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது.

மார்பை ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். அதுதான் வரவில்லை என்று வந்திருக்கிறேன், பிடி என்றால் எதைப் பிடிப்பது? நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டுமாம். என்னுடையதில் அங்கங்கே பஞ்சை ஒட்டியதுபோல வெள்ளை. அவ்வளவும் சளியும் வீக்கமும் என்றார் டாக்டர். விரலில் துணிக் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஓடுகிறது என்று அது காட்டும். என்னுடைய எண்ணைப் பார்த்துவிட்டு டாக்டர் அதைக் கழற்றி இன்னொரு விரலில் மாட்டினார். அதுவும் அதையேதான் சொன்னது.

அவர் என் மகள் வயதுப் பையன். கேள்வி கேட்டார்.

"சுகர் எத்தனை வருசமாம்மா?"

"அது கெடக்குது உடுங்க சாமி."

"தடுப்பூசி?"

"இன்னும் இல்லீங்க."

"என்ன தொழில் பண்றீங்க?"

"கோழிப்பண்ணை."

பேனாவை மூடினார். "ஒரு கோழிக்கு எத்தனை தடுப்பூசிம்மா போடுவீங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு ஆக்சிஜன் மட்டும் சரியாக இருந்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

அடுத்துத்தான் உண்மையான கேள்வி வந்தது. "காய்ச்சலுக்கு முந்தி ரெண்டு நாள் யார்கூட நெருக்கமா பேசுனீங்க? மாஸ்க் இல்லாம?"

"யார்கூடவும் பேசலீங்க" என்றேன். பிறகு குஞ்சு ஷெட் ஞாபகம் வந்தது. "எங்கூட்டுக்காரர்கிட்ட... பேசலீங்க, கத்துனேன்."

"மூடுன இடத்துலயா?"

"ஷெட்டுக்குள்ள, படுதா போட்டிருந்துச்சு. ரொம்ப நேரம்."

பேசும்போது வருவதைவிடக் கத்தும்போதுதான் வாயிலிருந்து கிருமி அதிகம் வரும் என்றார். வீட்டுக்காரருக்கு மூச்சு எப்படி என்று கேட்டார். ஹார்மோனியத்தைச் சொன்னேன். டாக்டர் உடனே அவருக்கும் பரிசோதனை எடுக்க வேண்டும் என்று வெளியே நின்ற கவிதாவிடம் சொல்லப் போனார். அதுவரை எனக்குப் பயம் இல்லை. அப்போது வந்தது. என் மூச்சைப் பற்றி இல்லை. என் கையால் குஞ்சு ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, உள்ளே அவரை வைத்து, பிறகு நானே உள்ளே போய் நோயை ஊதிவிட்டு வந்திருக்கிறேன்.

வார்டில் என் பக்கத்துப் படுக்கையில் ஜலகண்டாபுரத்து அம்மா ஒருத்தி. தறி வைத்திருக்கும் குடும்பம். என்னைப்போலவே வாயில் ஆக்சிஜன் முகமூடி மாட்டியிருந்தும் பேச்சு நிற்காது. நோய் வராமலிருக்கக் கசாயம் குடித்தாளாம். காலையில் ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு. இப்போது நுரையீரலில் சளி, வயிற்றில் புண்.

"கசாயம் குடிச்சா வராதுன்னாங்க" என்றாள்.

"வந்துருச்சுல்ல?"

"கசாயம் குடிக்காம இருந்திருந்தா இன்னும் சீக்கிரம் வந்திருக்குங்க்கா."

இவளோடு எப்படி வாதாடுவது? நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். வீட்டுக்காரரைக் கோழி ஷெட்டில் வைத்தேன் என்றதும் சிரித்து, இருமி, விரல் மெஷின் கூவி, சிஸ்டர் ஓடிவந்து எங்கள் இருவரையும் திட்டினாள். சிஸ்டர் தலைமுதல் கால்வரை வெள்ளை உடை போட்டிருப்பாள், கண் மட்டும் தெரியும். அந்த உடைக்கும் என் பில்லில் காசு போட்டிருந்தார்கள். பில்லைப் பற்றி இதற்குமேல் எழுதினால் பிரஷர் ஏறும், விடுகிறேன்.

குப்புறப் படுக்கச் சொன்னார்கள். முதுகுப் பக்க நுரையீரல் விரிய அதுதான் வழியாம். தினம் வயிற்றில் ஊசி, ரத்தம் கட்டாமல் இருக்க. வீக்கம் குறைய ஸ்டீராய்டு மருந்து. அது நான் மதிக்காமல் வைத்திருந்த சர்க்கரையை எழுப்பி உட்கார வைத்துவிட்டது, அதற்கு இன்சுலின். நான் சாப்பிட்டது இட்லியைவிட ஊசி அதிகம். கவிதா மேலே வர முடியாது, கீழே காரிலேயே கிடந்தாள். வெந்நீரும் ரசமும் கொண்டுவந்து செக்யூரிட்டியிடம் கொடுப்பாள். அவர் அதைப் பாம்பு இருக்கிற கூடையைப் போலத் தூக்கி வருவார். ரசத்தில் உப்பு போட மறந்திருந்தாள். எனக்கு ருசி தெரியாது என்று நினைத்துவிட்டாள் போல.

"அப்பாவோட ரிசல்ட் வந்துச்சா?" என்று போனில் கேட்பேன்.

"இன்னும் இல்லம்மா. லேப்ல கூட்டமாம்."

இப்படியே சொன்னாள். ஒரு தடவை அவருக்கே நேராகப் போன் போட்டேன். எடுத்தார். "சரசு" என்று சொன்னார், அடுத்த வார்த்தைக்குள் இருமினார். ஒரு இருமல் இல்லை, தொடர்ந்து. போனை வைத்துவிட்டார். கவிதாவைக் கூப்பிட்டேன். அவருக்கு இருமல் இருக்கிறது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார் என்று அழுதாள்.

நான் குப்புறப் படுத்துத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஜலகண்டாபுரத்து அம்மா கையை நீட்டி என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாதீங்க்கா, அழுதா ஆக்சிஜன் கொறையும்" என்றாள். எழவு வீட்டில் அவ்வளவு பேர் நடுவில் அழுதேன். இங்கே நிஜமாக அழ வேண்டிய நேரத்தில் மெஷின் கூவுமென்று அடக்க வேண்டியிருந்தது. ஒரே நாளில் அவளும் நானும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டோம். அவள் வேண்டாமென்று வைத்த பொங்கலை நான் தின்றேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கவிதா கூப்பிட்டாள். "அப்பாவுக்கு நெகட்டிவ் அம்மா. ரெண்டாந்தடவையும் எடுத்தாச்சு, அதுலயும் இல்ல. இருமல் அந்தச் சுண்ணாம்புத் தூசியில வந்ததாம்." நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று பொருள். இந்த ஒரு இடத்தில்தான் இல்லை என்று சொன்னால் சந்தோஷப்படுகிறார்கள்.

நம்ப முடியவில்லை. அவருக்கே போன் போட்டேன். முகமூடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு கேட்டேன்.

"ஏனுங்க, அவ்வளவு நேரம் மூஞ்சிக்கு நேரா கத்துனனே. எப்படி வராம இருந்துச்சு?"

"எங்க மூஞ்சிக்கு நேரா கத்துனே?"

"கட்டல்ல படுத்திருந்தீங்களே."

"உன்ற செருப்புச் சத்தம் கேட்டப்பவே நான் முன் கதவு வழியா மோட்டார் ரூமுக்குப் போயிட்டன். நீ தலகாணியத் திட்டிட்டு இருந்தே."

எனக்கு இரைத்தது. "போர்வை?"

"தலகாணி மேல இழுத்துப் போட்டுட்டுப் போனன்."

"அது எப்படி அந்த அவசரத்துல அத்தன சரியாப் பண்ணுனீங்க?"

"பழக்கந்தான்."

"அப்ப இத்தன வருசமும்?"

"எல்லா நாளும் இல்ல" என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேலாக நான் திட்டியதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, எவ்வளவு தலையணைக்குப் போனது என்று இப்போது யாருக்கும் தெரியாது. விரல் மெஷின் கூவியது. சிஸ்டர் வந்து முகமூடியை இறுக்கி மாட்டி, "என்னம்மா, கெட்ட செய்தியா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். நல்ல செய்திதான். கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மூச்சுக்கு நல்லதில்லை.

விரல் மெஷின் எண் ஏறி ஒழுங்காக நின்ற பிறகு வீட்டுக்கு விட்டார்கள். நான் கிளம்பும்போது ஜலகண்டாபுரத்து அம்மாவுக்கும் முகமூடியை எடுத்திருந்தார்கள். ஊருக்கு வந்தால் புடவை எடுத்துத் தருகிறேன், ஆனால் கசாயம் குடித்தால்தான் தருவேன் என்றாள்.

பண்ணை கேட் முன்னால் கார் நின்றது. உள்ளேயிருந்து அவர் வந்தார், மாஸ்க் போட்டு, முதுகில் ஸ்பிரே பம்ப். டயர் நாலுக்கும் மருந்து அடித்தார். கவிதாவைக் கால் நனைக்கச் சொன்னார். என்னைப் பார்த்து, "நீயுந்தான்" என்றார். நனைத்தேன். வீட்டுப் பக்கம் திரும்பினேன். அவர் கையைக் குஞ்சு ஷெட் பக்கம் நீட்டினார்.

"டாக்டர் கொஞ்ச நாளைக்குத் தனியா இருக்கச் சொல்லியிருக்காரு. வெளிய போயிட்டு வந்த கோழி."

கட்டில், டிவி, கூஜா எல்லாம் அப்படியே இருந்தது. சுண்ணாம்புத் தூசியை மட்டும் ஈரத் துணி போட்டுத் துடைத்து வைத்திருந்தார். ஸ்டூலில் சோறு வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். குழம்பு உப்பு. அவர் சமைத்தது. நான் வலையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். உப்பிலிருந்து தொடங்கி, தலையணைக்கு வந்து, போர்வை, மோட்டார் ரூம், முப்பது வருஷம் என்று போனேன். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் தலையைத் தூக்கிப் பார்த்தேன், ஆள் இருக்கிறாரா என்று.

இருந்தார். வேப்பமரத்தடியில், மாஸ்க்கோடு, கையைக் கட்டிக்கொண்டு. நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தார். நான் திட்டி முடிக்கும்வரை அவர் போகவில்லை.